துளைதான் முதலில்

தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு பாக்கெட் மணி, கொஞ்சம் நைலான் நூல். ஒரு சாயங்காலத்தில் வீட்டிலேயே பாசிமாலை கோர்த்துவிடலாம். துளை ஏற்கெனவே இருக்கும் என்பதால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மணியின் வரலாறே துளையின் வரலாறுதான் என்பது என் கட்சி.

கொடுமணலில் சூதுபவளத்தையும் பளிங்கையும் ஒவ்வொன்றாகத் துளைத்தார்கள். கை தப்பினால் கல் போச்சு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கண்ணாடிக்காரர்கள் சிக்கலையே தலைகீழாக்கிவிட்டார்கள்: முதலில் துளை, பிறகு மணி. உருகிய கண்ணாடிக்குள் காற்றுவெளி விட்டு நீளமாக இழுத்தால் மெல்லிய குழாய். அதை நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலில் புரட்டி மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கிவிடும். கோட் எழுதுகிறவனுக்கு இது அப்பட்டமான பேட்ச் புராசஸிங்.

இவ்வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை கிடைக்கின்றன. உடனே வாட்ஸ்அப்பில் 'தமிழன் மணி உலகை ஆண்டது' என்று கிளம்பிவிடுவார்கள். இல்லைங்க. இலங்கையின் மாந்தையிலும் தாய்லாந்திலும்கூடப் பட்டறைகள் இருந்தன. பயணம் போனது சரக்கு மட்டுமல்ல, கைவேலையும்தான். சரக்கைவிட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தக் கைவேலை திருப்பதிக்குப் பக்கத்தில், பாப்பாநாயுடுபேட்டையில், இருபதாம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் அதே குழாய் இழுப்பு, அதே சாம்பல்.