மலையிறக்கத்தில் எக்ஸோஸ்ட் பிரேக் பிடிக்கவில்லையா?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மரக்கறி மூட்டைகளுடன் றம்பொடை, புஸ்ஸல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் லொறி, வளைவுக்கு வளைவு வேகத்தை அடக்கிக்கொண்டே வரவேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் ட்ரம் சூடேறி, மிதித்தும் நிற்காத நிலை வரும். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதற்குத்தான் எக்ஸோஸ்ட் பிரேக்.

இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்ற லொறிகளில் இது புகைக்குழாய்க்குள் இருக்கும் ஒரு வட்டத்தகடு. சாரதி லீவரைப் போட்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், வெக்கியூம் இழுத்துத் தகடு மூடிக்கொள்ளும். வெளியேற முடியாத புகையை எதிர்த்துத் தள்ளுவதிலேயே எஞ்சின் தன் வேகத்தை இழக்கிறது. காற்று பிரேக் உள்ள பெரிய லொறிகளில் தகட்டைக் காற்றழுத்தம் இயக்கும்.

பிடி குறைந்தால் உடனே பாகம் மாற்றத் தேவையில்லை. முதலில் கியரைப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது எக்ஸோஸ்ட் பிரேக்குக்கு வலுவில்லை. டொப் கியரில் இறக்கிவிட்டு 'பிடிக்குதில்லை' என்பதில் பயனில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும், ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக்கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குபவர்களும் இருக்கிறார்கள். அப்போது எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை, பிரேக்கும் பூச்சியம்தான்.

கியர் சரியென்றால், சமதரையில் சில்லுக்குக் கட்டை வைத்து லீவரைப் போடச் சொல்லி, தகட்டை இழுக்கும் கம்பியைக் கவனியுங்கள். (புதிய மின்னணு எஞ்சின்களில் ஐட்லிங்கில் அது இயங்காமல் இருக்கலாம்.) கம்பி அசையவே இல்லையென்றால் பியூஸ், வயர், அக்சிலேட்டர் அல்லது கிளச் பெடலில் உள்ள சுவிட்ச். கிளச் சுவிட்ச் சற்றே இடம் மாறினாலும், கால் வைத்திருப்பதாக நினைத்து பிரேக் விடுபட்டுவிடும். பாதி அசைந்து நின்றால் கரி பிடித்து அச்சு இறுகியிருக்கும், அல்லது வெக்கியூம் குழாய் வெடித்திருக்கும். இறுகிய அச்சுக்கு எஞ்சின் ஒயில் விடாதீர்கள். சூட்டில் அதுவே கரியாகிவிடும்.

கம்பி முழுதாக இழுத்தும் பிடி இல்லையென்றால், எஞ்சினுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் இணைப்புகளில் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புகை அங்கே கசிந்தால் அழுத்தம் ஏறாது. தகட்டின் ஓரம் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி ஒன்று: எக்ஸோஸ்ட் பிரேக் தளர்ந்ததோடு கால் பிரேக் பெடலும் கல்லாக இறுகுவது. எல்ஃப் ரக லொறிகளில் இரண்டுக்கும் ஒரே வெக்கியூம் பம்ப்தான், அது பெரும்பாலும் ஒல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். பம்ப் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த லொறியை அங்கேயே நிறுத்தி, பாஸை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைக்க வேண்டும். கராஜ் கீழே இருக்கிறது என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போகக்கூடாது.