பழத்தை எறிந்த ஊரும் பழத்தை வடித்த ஊரும்



இந்த வாரம் சாராயத்தைப் பற்றி எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திய வாத்தியார் இதையெல்லாம் எழுதலாமா என்று அக்கா வீட்டிலிருந்து போன் வரும். வரட்டும். அக்பரின் நிலவரியை நடத்தியபோது தூங்கியவர்கள்கூட இதைக் கடைசி வரை படிப்பீர்கள் என்று தெரியும்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முந்திரிக் காட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைத் திருகிக் கூடையில் போடுவோம், பழத்தைக் காலடியில் எறிவோம். உப்புத் தொட்டு இரண்டு பழம் தின்றால் தொண்டை கரகரக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது. மீதிப் பழம் மரத்தடியில் அழுகி, ஈ மொய்த்து, அந்தப் புளித்த வாடை ஊர் வரைக்கும் வரும். அதே பழத்தைக் கோவாக்காரர்கள் எறிவதில்லை. வடித்து ஃபெனி ஆக்குகிறார்கள்.

முந்திரி நம் மரமும் அல்ல, அவர்கள் மரமும் அல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அங்கே துப்பி மக்கள் 'அகாஜு' என்றதைப் போர்த்துக்கீசியர் 'காஜு' என்றார்கள். அதுதான் இன்றைக்குக் கொங்கணியிலும் இந்தியிலும் இருப்பது. எப்போது வந்தது என்பதற்கு நல்ல தடயம் ஒன்று உண்டு. கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர் கோவாவிலேயே பல வருடம் இருந்து, இந்திய மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றி 1563இல் அங்கேயே ஒரு பெரிய நூலை அச்சிட்டார். அதில் முந்திரி இல்லை. 1578இல் கிறிஸ்தோவாவ் த கோஸ்தா எழுதிய நூலில் கொச்சித் தோட்டங்களில் பார்த்த மரமாக முந்திரி வந்துவிடுகிறது. ஒரு புத்தகத்தில் இல்லாததும் சான்றுதான் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேனே, அது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

ஆனால் வடிக்கும் தொழில் முந்திரிக்காகக் காத்திருக்கவில்லை. 1583 முதல் ஐந்து வருடம் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அங்கே தென்னங்கள்ளையும் அதை வடித்து எடுத்த சரக்கையும் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். பின்னாளில் ஆங்கிலேய வணிகர்கள் 'கோவா அராக்' என்று அதைத் தேடி வாங்கிப் 'பஞ்ச்' கலக்கினார்கள். ஐந்து பொருள் சேர்வதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். 'அரக்' என்றால் அரபியில் வியர்வை. குளிர்ந்த பாத்திரத்தில் ஆவி துளித்துளியாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தம் புரியும். ஆக, பானையும் அடுப்பும் கைப்பழக்கமும் முன்பே இருந்தன. புதிதாக வந்தது பழம் மட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரல் மாதம், பணஜியில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் என்னைச் சத்தரி தாலுகாவுக்குக் கூட்டிப் போனான். மலைச்சரிவு முழுக்க முந்திரி. அங்கே பழத்தைப் பறிப்பதே இல்லை. தானாக விழ வேண்டும், விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள். கொட்டையைத் திருகித் தனியே விற்கிறார்கள். பழத்தைப் பாறையில் குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். அதற்குக் 'கொள்ம்பி' என்று பெயர். மிதித்த சக்கையைக் கொடியால் சுற்றிக் குவித்து, மேலே கல்லை ஏற்றி வைத்தால் இரவெல்லாம் தெளிந்த சாறு சொட்டும். அது 'நீரோ'. அதில் போதை கிடையாது, குளிரவைத்துக் குழந்தைகளும் குடிக்கிறார்கள். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நம் ஊர் முந்திரித் தோப்பு வாடை அப்படியே இருந்தது, தொண்டைக் கரகரப்பு மட்டும் குறைவு.

மிதித்து எடுத்த சாறு மூன்று நாள் போலத் தானாகப் புளிக்கிறது. ஈஸ்ட் போடுவதில்லை, தண்ணீர் சேர்ப்பதில்லை, சர்க்கரை சேர்ப்பதில்லை. பிறகு விறகு அடுப்பில் 'பான்' என்ற பானையில் காய்ச்சுகிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியாக 'லாவ்ணி' என்ற மண்பாண்டத்துக்குப் போகும். அதன் மேல் ஓயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வடிப்பு 'உர்ராக்'. சுமார் 15 சதவீதம்தான் காரம். வைத்திருந்தால் கெடும் என்பதால் கோடையிலேயே எலுமிச்சை சோடாவும் கீறிய பச்சை மிளகாயும் போட்டுக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். உர்ராக்கோடு புளித்த சாற்றைச் சேர்த்து மறுபடி வடித்தால் 42 சதவீதத்தை ஒட்டி வருவது ஃபெனி. கொங்கணியில் 'ஃபேண்' என்றால் நுரை. பாட்டிலைக் குலுக்கி நுரை எப்படி நிற்கிறது என்று பார்த்தே தரம் சொல்கிறார் அந்த அடுப்புக்காரர்.

குடித்தீர்களா என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு மூடி அளவு. முதலில் மூக்கில் ஏறுவது பழுத்த முந்திரிப் பழம், பிறகு லேசான புகை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் பழத்தின் துவர்ப்பு. பழக்கமில்லாதவர்கள் முகம் சுளிப்பார்கள். முந்திரிக் காட்டில் வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. ஒரு மரத்தின் மணத்தை அழியாமல் பாட்டிலுக்குள் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. நம் கடைகளில் விஸ்கி, பிராந்தி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து எடுத்த மணமற்ற ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் கலந்தவை. அவற்றுக்கு ஊரும் கிடையாது, பருவமும் கிடையாது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வரலாற்று வாத்தியாருக்கு அதுதான் வேலை. போர்த்துக்கீசியர் ஆட்சியில் கோவாவில் மதுவிலக்கு இல்லை. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்த பிறகும் வடிப்பவருக்கு உரிமம் இருந்தது. முந்திரி மலைகளை மண்டலங்களாகப் பிரித்து அரசு ஏலம் விட்டது. இந்த மலையில் வடிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தில் அதன் பெயர் 'நாட்டுச் சாராயம்'. அந்த இரண்டு சொல் ஒட்டியிருந்ததால் மாநில எல்லையைத் தாண்டி விற்க வழியில்லாமல் கிடந்தது. 2009இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா சட்டமன்றம் கலால் சட்டத்தைத் திருத்தி, ஃபெனியைப் பாரம்பரிய மதுபானம் என்று தனி வகையாக்கியது. குறியீடு கிடைத்தது முந்திரி ஃபெனிக்கு மட்டும். மூத்தவனான தென்னை ஃபெனி வெளியே நிற்கிறான், மரமேற ஆள் குறைந்ததால் இளைத்தும்விட்டான்.

நம் பக்கம் கதை வேறு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 1987 முதல் கள்ளுக்கும் தடை. முடிவில் மரமும் பழமும் சார்ந்த சரக்கு குற்றமாயிற்று, மொலாசஸ் சரக்கு அரசு வருமானமாயிற்று. மறைவில் விற்றதோ இன்னும் கெட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றது மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். அதில் பழமும் இல்லை, பானையும் இல்லை, பெயர் சொல்ல ஒரு வடிப்பாளரும் இல்லை. செய்தி வந்தபோது எல்லோர் வாயிலும் 'சாராயச் சாவு' என்ற ஒரே சொல்தான். சத்தரியில் அந்த மனிதர் பாட்டிலைக் குலுக்கிக் காட்டியதையும் தமிழில் அதே சொல்லால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் குக்கரை ஏற்ற வேண்டாம், அது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. குடிக்கவும் நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது வேறு. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள்: உப்புத் தொட்டுத் தின்றதைத் தவிர, முந்திரிப் பழத்தை உங்கள் தாத்தா பாட்டி வேறு என்னவெல்லாம் செய்தார்கள்? ஊறுகாய், மாட்டுத் தீவனம், எதுவானாலும் சரி. ஊர்ப் பெயரோடு எழுதினால் தொகுத்து வைக்கிறேன்.