சாட்சியம் எனும் அமானிதம்

ஹதீஸ் கலையைக் கற்கப் புகும் மாணவன், செய்தியோடு அது வந்த வழியையும் சேர்த்தே கற்கிறான். சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் மிக்கவரா என்று கண்ணி கண்ணியாகச் சோதித்தே நம் இமாம்கள் ஒரு செய்தியை ஏற்றனர். ஸனது என்னும் இவ்வறிவிப்பாளர் தொடர் இஸ்லாமியக் கல்வி உலகின் தனிச்சிறப்பு. காரிஜிக் கொள்கையினரான இம்ரான் இப்னு ஹித்தானின் அறிவிப்புக்கும் இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பில் இடமளித்திருக்கிறார்கள். கொள்கையில் மாறுபட்டவர் என்பதற்காக அவருடைய வாய்மையை அவர்கள் தள்ளிவிடவில்லை.

இதே நெறியை வரலாற்றிலும் நம் முன்னோர் கையாண்டனர். ஹிஜ்ரி 36இல் ஜமல் போரும், 37இல் ஸிஃப்பீன் போரும் நிகழ்ந்தன. இருபுறமும் நின்றோர் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்; இருபுறமும் நபித்தோழர்கள் இருந்தனர். நெஞ்சைப் பிளக்கும் அந்நிகழ்ச்சிகளை மறைத்துவிடுவது சமுதாயத்தின் மானத்துக்கு நல்லது என்று எவரேனும் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரி அவ்வாறு எண்ணவில்லை. ஒன்றுக்கொன்று முரணான அறிவிப்புகளையும், சொன்னவர் பெயரோடு, அடுத்தடுத்து எழுதி வைத்துச் சென்றார்.

இம்மரபில் வந்த நாம், நம் காலத்தில் முஸ்லிம்களே முஸ்லிம்களைக் கொன்ற போர்களைப் பேசக் கூசுகிறோம். பேசினால் மாற்றார் அதை எடுத்துக்கொண்டு நம்மைத் தூற்றுவார்களே என்று அஞ்சுகிறோம். இக்கூச்சத்தை எண்ணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது டாக்கா மாநகரிலுள்ள விடுதலைப் போர் அருங்காட்சியகம். வங்காளிகள் அதனை 'முக்திஜுத்த ஜாதுகர்' என்பர்.

அதன் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1970 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் பொதுத் தேர்தலில், 300 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. பெரும்பான்மை பெற்ற கட்சியிடம் ஆட்சி ஒப்படைக்கப்படவில்லை. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு, டாக்கா நகரின் மீது பாகிஸ்தான் இராணுவம் பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும், தம் இல்லங்களிலேயே ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். ஹிஜ்ரிக் கணக்கில் அது 1391 முஹர்ரம் மாதத்தின் இறுதி. போர் விலக்கப்பட்ட நான்கு புனித மாதங்களுள் ஒன்றில், இஸ்லாத்தின் பெயரால் அமைந்த ஒரு நாட்டின் படை, தன் குடிமக்கள் மீதே துப்பாக்கியைத் திருப்பிற்று! மாண்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர். குறிவைத்துத் தேடிக் கொல்லப்பட்ட இந்துக்களும் இருந்தனர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்திய மண்ணில் அடைக்கலம் புகுந்தனர். டிசம்பர் 16ஆம் நாள் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு இரண்டு நாட்கள் முன்னர்கூட அறிஞர் பெருமக்கள் பலர் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

நாடு பிறந்தது, நினைவுகள் நிலைபெறவில்லை. 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அதன்பின் ஆட்சி மாறுந்தோறும் பாடநூலும் மாறிற்று. யார் சுதந்திரத்தை அறிவித்தார் என்பதுகூட ஆள்வோரைப் பொறுத்த செய்தியாயிற்று. இந்நிலையில்தான் எட்டுக் குடிமக்கள் ஒன்றுகூடி, செகுன்பாகிச்சா பகுதியில் ஒரு வாடகை வீட்டை அமர்த்தி, 1996 மார்ச் 22ஆம் நாள் இவ்வருங்காட்சியகத்தைத் திறந்தனர். அரசாணையால் பிறவாத இந்நிறுவனத்துக்கு, மாண்டோரின் உடைமைகளை அவர்தம் குடும்பத்தார் பேழைகளிலிருந்து எடுத்து வழங்கினர். 2017 ஏப்ரல் 16ஆம் நாள் அது ஆகர்காவ் பகுதியில் எழுந்த பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

1999ஆம் ஆண்டு, மீர்ப்பூரிலுள்ள நூரி பள்ளிவாசலை விரிவுபடுத்த மண்ணைத் தோண்டினர். அங்கே மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொழுகைக்கு இடம் தேடிய கைகளில் கொலைக்குச் சான்று அகப்பட்டது. அவ்வாண்டிலேயே அருகிலுள்ள ஜல்லாத்கானா என்னும் இடத்திலும் அகழ்ந்தனர். பழைய நீரேற்று நிலையமான அங்கிருந்து 70 மண்டையோடுகளும் 5,392 எலும்புத் துண்டுகளும் எடுக்கப்பட்டன. இன்று அவ்விடம் ஒரு நினைவிடமாக இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

எனினும் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு பணி. அருங்காட்சியகத்தார் பேருந்து ஒன்றில் காட்சிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மாவட்டந்தோறும் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். பார்த்து முடித்த மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றனர்: "உன் வீட்டிலோ தெருவிலோ அப்போரைக் கண்ணால் கண்ட முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதி அனுப்பு." இவ்வாறு பல்லாயிரக்கணக்கான சாட்சியங்கள், சொன்னவர் பெயரும் கேட்டெழுதிய மாணவன் பெயரும் சேர்ந்து, அங்கே குவிந்துள்ளன. இதுவும் ஒரு ஸனது அல்லவா? இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் அதே பழைய வழி, பள்ளிச் சிறுவனின் குறிப்பேட்டில் உயிர் பெற்றிருக்கிறது.

இதன் அருமை எண்களின் சச்சரவைக் காணும்போது விளங்கும். மாண்டோர் 30 லட்சம் என்பது வங்காளதேசத்தின் கூற்று. ஏறத்தாழ 26,000 என்பது பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆய்வாளர் பலர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றனர். எண்ணைப் பற்றிய வழக்கு இன்னும் எத்தனை காலம் நடந்தாலும், "என் தந்தையை இந்த வாசலில் வைத்துச் சுட்டார்கள்" என்று பெயரோடு சொல்லும் ஒரு மகனின் சாட்சியத்தை யார் அழிக்க முடியும்?

ஆயினும் ஸனதைச் சோதிப்பவன், யாருடைய குரல் விடுபட்டது என்றும் கேட்டாக வேண்டும். அந்த ஆண்டில் உருது பேசும் பீஹாரி முஸ்லிம்களும் வங்காளிகளின் கைகளால் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலருடைய வழித்தோன்றல்கள் இன்றும் டாக்காவின் முகாம்களில் நெருக்கடியில் வாழ்கின்றனர். அவர்களுடைய கண்ணீரும் ஒரு சாட்சியமே. வென்றவனின் துயரத்தை மட்டும் காக்கும் நினைவகம் பாதி வரலாற்றின் காவலனே ஆகும்.

ஆட்சியின் நிழலில் ஒதுங்கும் நினைவுக்கு நேரும் கதியையும் அந்நகரமே காட்டிற்று. முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட தான்மண்டி இல்லம் அருங்காட்சியகமாக விளங்கியது. அவர் மகள் ஷேக் ஹசீனாவின் அரசு 2024 ஆகஸ்ட் 5ஆம் நாள் மக்கள் கிளர்ச்சியால் வீழ்ந்தபோது அவ்வில்லம் எரிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் இடித்தே தள்ளப்பட்டது. தந்தையின் நினைவைத் தம் ஆட்சிக்கு அரணாக்கினார் மகள். ஆட்சி மீது மூண்ட சினம் அந்நினைவையும் எரித்தது. எரித்தவர்கள் ஆட்சியாளரைத் தண்டித்ததாக எண்ணியிருக்கலாம், இழந்தது வருங்காலத்தார்.

தனக்கும் பெற்றோருக்கும் உற்றாருக்கும் பாதகமாயினும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்லவேண்டும் என்பது திருமறை நமக்கு இட்ட கட்டளை. சாட்சியம் ஓர் அமானிதம். அதை மறைப்பதும், வேண்டியதை மட்டும் எடுத்து வைப்பதும், கொளுத்துவதும் அமானித மோசடியே. மாற்றார் தூற்றுவார்களே என்னும் அச்சத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. நம் குறையை நாமே நேர்மையாக எழுதி வைத்தால், பிறர் திரித்து எழுத இடமிராது.

இப்பணிக்குப் பெரிய மாளிகை வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பிய தமிழர்களுள் நம்மவரும் பலர். நடந்தவர்கள் மறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்மொழியாகக் கேட்ட மக்களும் முதுமை எய்திவிட்டனர். இன்றிரவே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். சொன்னவர் பெயரையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும், கேட்ட உங்கள் பெயரையும், நாளையும் எழுதி வையுங்கள்.

உண்மைக்குச் சாட்சி பகரும் நெஞ்சுரத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.