கைகால் தசைகளைக் கற்ற வரலாறு

இம்மலரின் ஏட்டைப் புரட்டும் அன்பர்கள், இடக்கையால் வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டிப் பார்ப்பார்களாக. அசைவது விரல், தோலுக்கடியில் புரள்வதோ முன்கை. விரலை மடக்கவும் நீட்டவும் வல்ல தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அத்தசைகளுட் பெரும்பாலானவை முன்கையில் தங்கி, நீண்ட நாண்களை மணிக்கட்டின் வழியே அனுப்பி, பொம்மலாட்டக்காரன் திரைமறைவில் நின்று நூலை இழுப்பது போல விரல்களை இயக்குகின்றன. பிறந்த நாள்முதல் நம்மோடு இருக்கும் கையைப் பற்றிய இச்சிறு உண்மையைக் கண்ணாற் கண்டு தெளிய மனித இனம் எத்தனை நூற்றாண்டுகள் முயன்றது என்பதையும், அக்கல்வி ஒரு காலத்தில் நம் தமிழிலேயே நடந்தது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆதலின், கையை மடக்க ஒரு தசை என்றால், நீட்ட மற்றொன்று வேண்டும். மேற்கையின் முன்புறம் இருதலைத் தசையும் பின்புறம் முத்தலைத் தசையும் அமைந்தது இதனாலேயே. ஒரு தசையை அறிதல் என்பது மூன்றை அறிதல்: எந்த எலும்பில் தோன்றுகிறது, எந்த எலும்பில் முடிகிறது, சுருங்கினால் என்ன நிகழ்கிறது. பயில்வான்கள் மடக்கிக் காட்டும் இருதலைத் தசையையே எடுத்துக்கொள்வோம். அது தோள்பட்டை எலும்பில் இரு தலைகளாகத் தோன்றி, மேற்கை எலும்பைப் பற்றாமலே தாண்டிச் சென்று, முன்கையில் கட்டைவிரற் பக்கத்து எலும்பில் முடிகிறது. முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு அதற்கே என்று வெளிப்பார்வைக்குத் தோன்றும். உண்மையில், அதனடியில் மறைந்து கிடக்கும் வேறொரு தசையே அவ்வேலையின் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. இருதலைத் தசைக்கு மற்றொரு தொழிலும் உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புதல். பூட்டில் சாவியை வலப்புறம் திருகும் வலக்கையில் வேலை செய்வது அதுவே. ஓவியர் லியோனார்டோ டா வின்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைக் கண்டு படம் வரைந்து வைத்தார். அவருடைய ஏடுகள் அவர் காலத்தில் அச்சேறாமையால் அறிந்தது அவரோடு நின்றது.

மேலிருப்பதை அகற்றினாலன்றிக் கீழிருப்பது தெரியாது. அகற்றுவதற்கோ இறந்த உடல் வேண்டும். இவ்வரலாற்றின் இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான்.

நம் நாட்டில் சுசுருத சங்கிதை இவ்விடர்ப்பாட்டை நேரே எதிர்கொண்டது. இறந்த உடலைப் புல்லால் சுற்றி, மறைவான ஓரிடத்தில் ஓடும் நீரில் ஏழு இரவுகள் அமிழ்த்தி வைத்து, ஊறியபின் வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காணுமாறு மாணவனுக்கு அந்நூல் கூறுகிறது. தசைகள் 500 எனக் கணக்கிட்டு, அவற்றுள் 400 கைகால்களில் உள்ளன என்றும், ஓர் உறுப்புக்கு 100 என்றும் பகுக்கிறது. கால்விரல் ஒன்றுக்கு 3, முழங்காலுக்கு 5, தொடைக்கு 20 எனக் கணக்கு விரிகிறது. இன்றைய நூல்களோடு இவ்வெண்கள் பொருந்தா. அதைக்கொண்டு பழித்தல் வேண்டா; தசையை எண்ணுவது தேங்காய் எண்ணுவது போன்றதன்று. தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசையை ஒன்றென்பதா, நான்கென்பதா? எங்கே பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது கணக்கு. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: ஏழு நாள் நீரில் ஊறிய தசையில் அடுக்கு தெரியலாம்; மெல்லிய நாண் எங்கே முடிகிறது என்பது தெரிவது அரிது.

மேலைநாட்டார் நிலை நம்மினும் மேம்பட்டதாக இருந்ததில்லை. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென், பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராக இருந்தவர். வெட்டுண்ட தோள்களும் பிளந்த தொடைகளும் அவருக்குச் சாளரங்களாயின. மனித உடலை அறுக்க இயலாத சூழலில் அவர் குரங்குகளை அறுத்துக் கற்றார். குரங்கின் கையும் காலும் மனிதனுடையவற்றை ஒத்தவை. அதனாலேயே பிழை வெளிப்படாமல் நிலைத்தது. பெரிதும் வேறுபட்டிருந்தால் எவரேனும் ஐயுற்றிருப்பர். ஏறத்தாழ 1300 ஆண்டுகள் காலென் சொன்னதே வேதம். பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் உயர்ந்த இருக்கையிலமர்ந்து நூலைப் படிப்பார்; கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். படிப்பவர் தொடுவதில்லை, தொடுபவர் படித்ததில்லை. அலுவலகங்களில் கோப்புகள் நகரும் முறையை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதிதன்று.

இருக்கையை விட்டு இறங்கியவர் வெசேலியசு. 1514இல் பிரசெல்சு நகரில் பிறந்து, 1537இல் தமது 23ஆம் வயதில் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்; கத்தியைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். மாணவர் சூழ்ந்து நிற்க, தாமே அறுத்து, தாமே காட்டி, தாமே விளக்கினார். 1543இல் பேசல் நகரில் அச்சான அவருடைய பெருநூலின் ஏழு பகுதிகளுள் இரண்டாவது தசைகளைப் பற்றியது. அதிலுள்ள தசை மனிதர் படங்களை ஒருமுறை கண்டவர் மறவார். பாதுவாவை அடுத்த குன்றுகளும் ஊர்களும் பின்னணியில் விளங்க, தோல் உரிந்த ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். அடுத்த ஏட்டில் மேல்தசைகள் அறுபட்டுத் தொங்குகின்றன. அதற்கடுத்ததில் ஆழத்திலுள்ளவை வெளிப்படுகின்றன. போகப்போகத் தாங்கும் தசை குறைந்து உடல் துவள்கிறது. ஒரு தசை இல்லையேல் எந்த நிலை தளரும் என்பதைப் படமே பேசிவிடுகிறது. அப்படங்களுக்கென மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைகள் ஆல்ப்சு மலையைக் கடந்து பேசலுக்குச் சென்றன. நானூறு ஆண்டுகள் பிழைத்திருந்த அவை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் மியூனிக் நகரில் அழிந்தன.

இத்துணைச் செய்தவரும் தசைகளுக்குப் பெரும்பாலும் பெயரிடவில்லை; முதலாவது, இரண்டாவது என எண்ணால் சுட்டினார். பல தசைகளுக்குப் பெயர் தந்தவர் பாரிசில் அவருக்கு ஆசிரியராயிருந்த சில்வியசு. இவரோ காலெனின் மீது கொண்ட பற்றால், தம் பழைய மாணவரை 1551இல் பித்தன் என்று பொருள்படும் சொல்லால் வசைபாடி நூல் எழுதியவர்! காலென் சொன்னதும் உடலும் பொருந்தாவிடில், காலெனுக்குப் பின் மனித உடலே மாறிவிட்டது என்று வாதிட்டார். கண்டவர் பெயரிடவில்லை, பெயரிட்டவர் கண்டதை ஏற்கவில்லை. ஆயினும் மாணவருக்கு இருவர் பணியும் வேண்டியிருந்தது. எண்ணை மனத்தில் நிறுத்துவது கடினம், பெயரைப் பற்றிக்கொள்வது எளிது.

அப்பெயர்களின் பிறப்பு சுவையானது. தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குச் சுண்டெலி என்பது பொருள். தோலுக்கடியில் ஓடி மறைவதால் அப்படித் தோன்றியது போலும். நம் முன்னோர் கண்ணுக்குக் காலின் பின்புறத் தசை மீனாகத் தெரிந்தது, கெண்டைக்கால் என்றனர். நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கும் அதன் வடிவுக்கு எலியினும் கெண்டையே பொருத்தம் என்பது நம் கருத்து. இத்தசை அதனடியிலுள்ள தசையோடு கூடிக் குதிகால் நாணாகத் திரண்டு, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் முழு உடலையும் தூக்குகிறது. இடுப்பின் புறத்தே தொடங்கித் தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உட்புறம் முடியும் தசை, உடலிலேயே நீளமானது. அதற்குத் தையற்காரர் தசை என்று பெயர். காலை மடக்கி உட்கார்ந்து தைப்பவர் அந்நாட்டில் அவரே போலும். நம் நாட்டில் பெயரிட்டிருந்தால் பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்த அனைவரும் உரிமை கோரியிருப்பர்.

அமைப்பு தெரிந்தபின் ஆற்றலைக் கணக்கிட்டவர் இத்தாலியரான பொரெல்லி. அவர் நூல் 1680இல், அவர் மறைந்தபின், வெளிவரத் தொடங்கியது. கைகால்கள் நெம்புகோல்கள் என்பது அவர் கண்ட உண்மை. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 4 கிலோ கோப்புக் கட்டு ஒன்றை உள்ளங்கையில் ஏந்துவதாகக் கொள்வோம். கட்டு முழங்கை மூட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. தசை பற்றியிருப்பதோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில். ஆகவே தசை 28 கிலோவுக்கு ஈடாக இழுக்கவேண்டும். இது வீண் செலவன்று. தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தொலைவு வீசுகிறது. வலிமையைக் கொடுத்து விரைவைப் பெறும் வாணிகம் இது.

நிற்க. இக்கல்வி நம் நாட்டுக்கு வந்த வகையைப் பார்ப்போம். கல்கத்தாவில் 1822 முதல் நாட்டு மொழிகளில் மேலை மருத்துவம் கற்பித்த பள்ளி ஒன்றிருந்தது. 1835இல் அதனை மூடி, ஆங்கிலத்திலேயே கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினர். ஆங்கில உடற்கூற்று நூலொன்றை வடமொழியில் பெயர்த்த மதுசூதன குப்தர் என்னும் வைத்தியர், அக்கல்லூரியில் 1836இல் தம் கையால் பிணத்தை அறுத்தார். அன்று கோட்டையில் பீரங்கி முழங்கியதாக ஒரு வழக்கு உண்டு. அது எவ்வாறாயினும், சாதிக் கட்டுப்பாட்டை மீறிய அந்தக் கைக்கு மரியாதை தகும். ஆனால் கத்தி நம் கைக்கு வந்த அதே வேளையில் பாடம் நம் மொழியை விட்டு அகன்றது.

1858இல் இலண்டனில் ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் வெளிவந்தது. படங்கள் ஹென்றி வாண்டைக் கார்ட்டருடையவை. தசையின் பெயரைப் படத்தின் மேலேயே அவர் பொறித்ததால், எண்ணைத் தேடி அடிக்குறிப்புக்கு ஓடும் தொல்லை ஒழிந்தது. கிரே 1861இல் பெரியம்மையால் இளமையிலேயே மறைந்தார். கார்ட்டரோ 1858இலேயே பம்பாய்க்கு வந்து கிராண்டு மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். பாதத்தை அரிக்கும் 'மதுரைக் கால்' என்னும் நோயை ஆராய்ந்து, 1874இல் அதைப் பற்றித் தனிநூலும் எழுதினார். காலின் தசைகளை அழகுற வரைந்த கை, தமிழ் ஊரின் பெயர் பூண்ட கால்நோயையும் வரைய நேர்ந்தது.

அந்தக் கிரேயின் நூல் தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவம் செய்தும் கற்பித்தும் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மாணவர் உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவர், தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் எண்ணம். உத்தியோகம் தேடி ஊரைவிட்டு வந்த நாம் இதனை மறுக்கும் நிலையில் இல்லை. தம் மாணவர் துணையோடு அவர் வெளியிட்டவற்றுள் 'இரண வைத்தியம்' 1867இலும், கிரேயின் நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வந்தன. கலைச்சொற்களைத் தனியே தொகுத்தும் வைத்தார்.

அங்காதிபாதம், சுகரணவாதம் போன்ற சொற்களைக் கேட்டு இன்று நகைப்பாருண்டு. வடமொழி மிகுதி என்பது உண்மையே. இன்று நாம் இருதலைத் தசை என்கிறோம், உடற்கூறு என்கிறோம், அவை நன்று. ஆனால் அச்சொற்களைக் கொண்டு அறுவை கற்றவர் இருந்தனர். அவர்களால் ஒடிந்த கையும் காலும் கூடின. எழிலான சொற்பட்டியல்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். அவற்றைக் கொண்டு ஒரு தசையையேனும் கற்ற மாணவரைக் காண்பது அரிதாயிருக்கிறது. கிறீன் சொல்லையும் மாணவரையும் ஒருங்கே ஆக்கினார்.

1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் அவர் பணியை விடவில்லை. மாசச்சூசெட்சு மாநிலத்து வூஸ்டர் நகரில், சுற்றிலும் தமிழ் அறிந்தார் எவருமின்றி, தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டராக வந்தவர் என்று பொருள்படும் வாசகம், அவர் விரும்பியவாறே, அங்குள்ள கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.