தமிழ் விக்கிப்பீடியா: பங்களிப்பாளர் வருகையும் நிலைப்பும்

தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர் சமூகம், 2003 முதல் ஊதியம் எதுவும் பெறாமல் ஒரு கலைக்களஞ்சியத்தை எழுதியும் திருத்தியும் காத்தும் வருகிற தன்னார்வலர்களைக் கொண்டது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பரந்து வாழும் இவர்களுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. யாரும் எப்போதும் சேரலாம். சொல்லிக்கொள்ளாமல் போகவும் செய்யலாம். அதனால் புதியவர்களை வரவைப்பதும் வந்தவர்களை நிலைக்கச் செய்வதும் இத்திட்டத்தின் ஓயாத கவலை. இரண்டில் முன்னது எளிது. போட்டியும் பரிசும் ஆள் சேர்க்கும். ஆனால் ஒருவர் தங்குவாரா என்பதைத் தீர்மானிப்பது, எழுதத் தொடங்கிய முதல் சில நாள்களில் மற்றொரு பயனர் அவரிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதே.

கணக்கும் உண்மையும்

பதிவுசெய்த பயனர் எண்ணிக்கையை வைத்து இச்சமூகத்தை அளக்க முடியாது. அந்த எண் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் விக்கிமீடியா திட்டங்கள் அனைத்துக்கும் ஒரே கணக்கு என்பதால், ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர் புகுபதிந்த நிலையில் தமிழ்த் தளத்தை ஒருமுறை திறந்தாலே இங்கும் அவர் பெயர் ஏறிவிடும். அவருக்குத் தமிழ் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை. கடந்த முப்பது நாளில் ஒரு தொகுப்பாவது (திருத்தமாவது) செய்தவர்கள் என்று பார்த்தால் எண்ணிக்கை சில நூறாகச் சுருங்கும். மாதம் 5 தொகுப்பு செய்பவரை முனைப்பானவர் என்றும், 100 செய்பவரை மிகு முனைப்பானவர் என்றும் கணக்கிடுவது விக்கிமீடியா வழக்கம். தளத்தின் அன்றாட வேலையைத் தாங்குகிற இந்தக் கடைசிப் பிரிவினர் எப்போதும் ஒரு சிறு குழுதான்.

இது தமிழுக்கு மட்டும் வந்த குறை என்று வருந்தத் தேவையில்லை. இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்கிறார்கள், ஒன்பது பேர் அவ்வப்போது பங்களிக்கிறார்கள், ஒருவரே பெரும்பகுதி வேலையைச் செய்கிறார் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். விக்கிப்பீடியாவில் ஏற்றத்தாழ்வு இதைவிடவும் கூடுதல் என்று அவரே குறிப்பிட்டார்.

தொடக்கம்

தளம் 2003 செப்டம்பரில் தோன்றியது. அதே ஆண்டு நவம்பரில் இணைந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர். இடைமுகத்தைத் தமிழாக்கியதிலும் தொடக்ககாலக் கட்டுரைகளை எழுதியதிலும் பெரும்பங்கு அவருடையது. பின்னர் பல்லாயிரம் கட்டுரைகளைத் தொடங்கிய அவருக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அளித்தது.

அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இணையத்தில் தமிழ் தட்டச்சப் பழகியவர்கள். வலைப்பதிவுகள் பெருகி, தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி புகழ்பெற்றிருந்த காலம் அது. எ-கலப்பை போன்ற மென்பொருளை நிறுவி எழுத்துருச் சிக்கலைத் தாண்டத் தெரிந்தவரே உள்ளே வர முடிந்தது. பின்னாளில் தளத்திலேயே தட்டச்சுக் கருவி இணைக்கப்பட்டது. கைப்பேசிகளும் தமிழ் விசைப்பலகையோடு வரத் தொடங்கின. அந்தத் தடை ஏறத்தாழ நீங்கியது. கதவு இவ்வளவு அகலத் திறந்தும் தங்குபவர் தொகை அதே அளவில் உயரவில்லை என்பதிலிருந்து, தடை தட்டச்சில் மட்டும் இருக்கவில்லை என்று தெரிகிறது.

கூகுள் மொழிபெயர்ப்புக் கட்டுரைகள்

கட்டுரைகள் பெருகுவது வேறு, சமூகம் வளர்வது வேறு என்பதைத் தமிழ் விக்கிப்பீடியர் நேரில் கண்டது 2009-2010 காலத்தில். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படச் சில மொழிகளில் ஏற்றியது. நீளமான கட்டுரைகள் மளமளவென்று சேர்ந்தன. ஆனால் நடை இயந்திரத்தனமாக இருந்தது. தலைப்புகளில் பல தமிழ் வாசகர் தேடக்கூடியவையாக இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பேச்சுப் பக்கத்தில் பிழையைச் சுட்டினால் மறுமொழி வராதது. எழுதியவர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். திருத்தும் பொறுப்பு ஏற்கெனவே இருந்த சிலரின் தலையில் விழுந்தது.

சமூகம் ஆட்சேபித்தது, நிறுவனத்தோடு பேசி நிபந்தனைகளை முன்வைத்தது. 2010 ஜூலையில் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இத்திட்டத்தை மதிப்பிட்டு உரையாற்றினார். கட்டுரைகளின் குறைகளை எதிர்கால மென்பொருள் நீக்கிவிடக்கூடும். அந்த உரையாடல் இன்றைக்கும் மதிப்புடையதாக இருப்பதற்குக் காரணம் வேறு: தன் எழுத்துக்குப் பதில் சொல்ல நிற்காதவர் எத்தனை கட்டுரை எழுதினாலும் சமூகத்தில் ஓர் ஆள் கூடுவதில்லை என்பதை அன்றே தெளிவாகப் பேசிவிட்டார்கள்.

போட்டிகளும் பயிற்சிகளும்

கோவையில் 2010இல் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017இல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடந்தன. அதே ஆண்டில்தான் கட்டுரை எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. இந்திய மொழிகளுக்கிடையே 2018இல் நடந்த வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் பஞ்சாபி முதலிடமும் தமிழ் இரண்டாமிடமும் பெற்றன. அடுத்த சுற்றில் தமிழ் முதலிடத்துக்கு வந்தது.

போட்டி முடிந்ததும் புதிய கணக்குகளில் பெரும்பாலானவை அடங்கிவிடுவது வழக்கம். பரிசுக்காக வந்தார்கள் என்று அவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமில்லை. பயிற்சி வகுப்பில் கட்டுரையை உருவாக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அது மறுநாள் நீக்கப்பட்டால் யாரிடம் கேட்பது என்று பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதில்லை. வேங்கைத் திட்டத்தின் இன்னொரு பகுதி இந்தக் கோணத்தில் கூடுதல் கவனத்துக்குரியது. ஏற்கெனவே முனைப்பாக எழுதிவந்தவர்களுக்கு அது மடிக்கணினியும் இணையச் செலவுக்கு உதவியும் வழங்கியது. சொந்தக் கணினி இல்லாமல் கைப்பேசியிலேயே தொகுத்துவந்தவர்களுக்கு எந்தக் கோப்பையையும்விட அது பயன்பட்டது.

முதல் தொகுப்பு

புதியவர் ஒருவர் வழக்கமாகச் செய்வது தன் ஊர், தன் பள்ளி, தான் மதிக்கும் ஒருவர் பற்றி எழுதுவது. அல்லது நாளிதழ்ச் செய்தியை அப்படியே ஒட்டுவது. முன்னதில் சான்று இருக்காது. பின்னது பதிப்புரிமை மீறல். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைக் கண்காணிப்பவர் இரண்டையும் நீக்க வேண்டியவராகிறார். விதி சரிதான். ஆனால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரிவது, பக்கம் காணாமல்போனதும் ஒரு வார்ப்புரு அறிவிப்பும் மட்டுமே.

ஆங்கில விக்கிப்பீடியா இதற்குக் கொடுத்த விலை பெரிது. அங்கே முனைப்பான பயனர் எண்ணிக்கை 2007இல் சுமார் 51,000 என்ற உச்சத்தை எட்டி, 2013 வாக்கில் 31,000 அளவுக்கு இறங்கியது. ஏரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தேடிப்போனது. விசமத் தொகுப்புகளைத் தடுக்க உருவான அரைத்தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் துரத்தின என்று அது காட்டியது. அங்கே 2012இல் 'தேநீர்க் கடை' என்ற பொருளில் பெயரிட்ட உதவிப் பக்கம் ஒன்று திறக்கப்பட்டது. செக், கொரிய மொழி விக்கிப்பீடியாக்களில் முதலில் சோதிக்கப்பட்ட மற்றொரு ஏற்பாடு, புதியவருக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்கி, இணைப்புச் சேர்த்தல் போன்ற சிறு வேலைகளை முதலில் பரிந்துரைக்கிறது. இது பின்னர் பல மொழிகளுக்கும் விரிந்தது.

தமிழில் புதுப்பயனர் பேச்சுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தி இடுவதும், எழுதிப்பார்க்க மணல்தொட்டியைக் காட்டுவதும், ஐயங்களை ஒத்தாசைப் பக்கத்துக்கும் பொது உரையாடலை ஆலமரத்தடிக்கும் அழைப்பதும் நெடுங்கால மரபு. வரவேற்பு வார்ப்புரு எல்லோருக்கும் ஒன்றுபோல் விழுவதால் அதன் பயன் கொஞ்சம்தான். "உங்கள் ஊர்க் கட்டுரையில் மக்கள்தொகைக்கு மட்டும் ஒரு சான்று சேருங்கள், மற்றதை நான் ஒழுங்குபடுத்துகிறேன்" என்று பெயர்சொல்லி எழுதப்படும் இரண்டு வரி செய்வதை எந்த வார்ப்புருவும் செய்வதில்லை. ஆனால் அந்த வரிகளை எழுதும் சிலரே துப்புரவும் செய்கிறார்கள், விசமிகளையும் தடுக்கிறார்கள். அவர்கள் களைப்படைவது சமூகத்தின் பெரிய இழப்பு, எந்தப் புள்ளிவிவரத்திலும் தென்படாத இழப்பு.

சண்டைகள்

இச்சமூகத்துக்கே உரிய உரசல் மொழிநடை குறித்தது. கிரந்த எழுத்துகளை எவ்வளவு ஏற்பது, பிறமொழிப் பெயர்களை எப்படி எழுதுவது, 'கணினி' என்று தமிழ்நாட்டிலும் 'கணனி' என்று இலங்கையிலும் வழங்கினால் தலைப்பில் எதை வைப்பது என்பன பல ஆண்டுகள் பேசப்பட்டவை. இவற்றில் மனம்புண்பட்டு விலகியவர்கள் உண்டு. இந்தச் சண்டைகளைத் தாங்கவைத்தது பெரும்பாலும் ஓர் எளிய தொழில்நுட்ப வசதி: வழிமாற்று. ஒரு வடிவம் தலைப்பானாலும் மற்றதைத் தேடுபவரும் அதே பக்கத்தை அடைவார். தன் ஊர் வழக்கு அழிக்கப்படவில்லை என்று கண்டவர் மறுநாளும் வந்து எழுதினார்.

நேரில் சந்திப்பதும் இதே வகையில் உதவுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013 செப்டம்பரில் நடந்த பத்தாம் ஆண்டு விழா போன்ற கூடல்களில், பேச்சுப் பக்கங்களில் மட்டும் அறிந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டார்கள்.

விலகலும் மீள்வருகையும்

படிப்பு முடிவது, வேலை மாறுவது, குழந்தை பிறப்பது ஆகியவையும் பல விலகல்களுக்குக் காரணம். கட்டுரை எழுத நேரமில்லாதவர்களில் சிலர் விக்கிமீடியா பொதுவகத்துக்கு ஒளிப்படம் தருகிறார்கள். சிலர் விக்சனரியில் சொற்களைச் சேர்க்கிறார்கள். விக்கிமூலத்துக்குப் போய் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வடிவங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி.

நீண்ட காலம் வராமல் இருக்கப்போகிறவர் பயனர் பக்கத்தில் 'விக்கி விடுப்பு' அறிவிப்பு இடுவது வழக்கம். சாதாரணக் கணக்குகள் காலாவதியாவதில்லை. நிருவாகிகள் இரண்டு ஆண்டுகள் எந்தச் செயலும் செய்யாவிட்டால் அவர்களின் அணுக்கத்தைத் திரும்பப்பெறும் நடைமுறை, தமக்கெனத் தனிவிதி இல்லாத விக்கித் திட்டங்களுக்கு 2013 முதல் உண்டு. அப்படி அணுக்கத்தை இழந்தவர் திரும்பி வந்தால், சமூகத்திடம் வேண்டுகோள் வைத்து மீண்டும் பெறலாம்.