கார்னெகி நூலகங்கள்: கொடையும் கதவும்

1853ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர நாளிதழ் ஒன்றில் 'உழைக்கும் சிறுவன்' என்னும் புனைபெயருடன் ஒரு மடல் வெளிவந்தது. அதன் பின்னணி சிறியதே. பிட்ஸ்பர்க்கை அடுத்த அலெகெனி நகரில் வாழ்ந்த கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன், தம் இல்லத்திலிருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்க்காகத் திறந்துவைத்தார். சனிக்கிழமைதோறும் ஒரு நூலைத் திருப்பித் தந்து வேறொன்றைப் பெற்றுச் செல்லலாம். அந்நூலகம் வளர்ந்து பொது அமைப்பாக மாறியபொழுது, ஒப்பந்த முறையில் கைத்தொழில் பயிலும் சிறுவர்க்கு மட்டுமே இலவசம், ஏனையோர் 2 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதி வகுத்தனர். உழைத்துப் பிழைத்து வந்த ஒரு பதினேழு வயது இளைஞனுக்கு அந்தக் கதவு அடைபட்டது. அவன் நாளிதழில் வாதாடினான், வென்றான், விதி தளர்த்தப்பட்டது. அவன் பெயர் ஆண்ட்ரூ கார்னெகி.

உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழக் காரணமான ஒருவரது பொதுவாழ்வு, நூலகக் கதவொன்றைத் தட்டிய மடலில் தொடங்கியது என்பது கருதத்தக்கது. அதே மனிதர் பெயரால் எழுந்த நூலகங்கள் சில, பின்னாளில் வேறு மக்களுக்குக் கதவை அடைத்தன. கொடையின் வரலாற்றை எழுதுவோர் பலர் கட்டடங்களை எண்ணிக் கணக்கிட்டு அமைவர். கதவு யாருக்குத் திறந்தது என்று கேட்போர் சிலரே.

கார்னெகி 1835இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பூவேலைத் துணி நெய்து வாழ்ந்த அக்குடும்பத்தை நீராவித் தறி வீழ்த்தியது. நெசவாளர் ஊர்களை அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்வீழ்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1848இல் குடும்பம் அலெகெனியில் குடியேறியது. பஞ்சாலையில் நூற்கண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் சிறுவனுக்குக் கிடைத்த முதல் வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். பின்னர்த் தந்தி அலுவலகம், இருப்புப்பாதை நிறுவனம், பாலங்கள், இரும்பு, எஃகு எனப் படிப்படியாக உயர்ந்த கதை பலரும் அறிந்ததே.

1889இல் செல்வம் குறித்து அவர் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. பெருஞ்செல்வத்தை வைத்துக்கொண்டே சாவது இழிவு. செல்வர் தம் வாழ்நாளிலேயே அதனைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வளவில் எவர்க்கும் மறுப்பிராது. ஆனால் அக்கட்டுரையில் மற்றொரு கருத்தும் உண்டு. அதே பணத்தைச் சிறுசிறு தொகைகளாகப் பலர்க்கும் பகிர்ந்தால் அது அன்றாட நுகர்வில் வீணாகும். ஒருவர் கையில் திரண்டு, அவரால் பொதுப்பணிக்குச் செலவிடப்படுவதே மேல் என்கிறார் அவர். கூலியைச் சற்று உயர்த்துவதினும் நூலகம் கட்டுவது சிறந்தது என்று இதற்குப் பொருள் கொண்டால் பிழையாகாது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தது வீணன்று என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

இக்கொள்கைக்கு நேர்ந்த சோதனை 1892இல் வந்தது. பிட்ஸ்பர்க்கை அடுத்து மோனங்ககேலா ஆற்றங்கரையில் இருந்தது ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தம் ஜூன் இறுதியில் முடிவுற இருந்தது. ஆலையின் பொறுப்பிலிருந்த ஹென்றி கிளே ஃப்ரிக் ஊதியக் குறைப்பை வற்புறுத்தி, ஆலையைச் சுற்றி உயர்ந்த வேலி எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். ஜூலை 6ஆம் நாள் விடியற்காலையில் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிக்காவலர் ஏறத்தாழ 300 பேர் ஆற்றின் வழியே படகுகளில் வந்திறங்க முயன்றனர். கரையில் தொழிலாளர் திரண்டனர். பகல் முழுவதும் நடந்த சண்டையில் தொழிலாளர் எழுவரும் காவலர் மூவரும் மாண்டனர் என்பது பெரும்பாலும் ஏற்கப்படும் கணக்கு. பின்னர் மாநிலப் படை 8,000 பேருக்கு மேல் வந்து ஊரைக் கைப்பற்றியது. நவம்பரில் போராட்டம் தோற்றது.

கார்னெகி அப்பொழுது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும் உரிமை, முதலாளிகள் கூடும் உரிமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று 1886இல் எழுதியவர் அவரே. எனினும் ஃப்ரிக்கின் செயலை அவர் தடுக்கவில்லை. முன்னதாகவே ஒப்புதல் தந்திருந்தார் என்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன. அவ்வூர் எஃகாலையில் சங்கம் மீண்டும் ஏற்கப்பட 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1898இல் ஹோம்ஸ்டெட் தொழிலாளர்க்கு ஒரு நூலகம் கிடைத்தது. ஆலைக்கு மேலே குன்றின்மீது இசையரங்கமும் நீச்சற்குளமும் கொண்ட பெருமாளிகையாக அது எழுந்தது. கீழே ஆலையில் வேலைநேரம் நாளொன்றுக்கு 12 மணியாக இருந்தது. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் நாளில் பலர் 24 மணி நேரம் தொடர்ந்து உழைத்தனர். 1910இல் வெளிவந்த மார்கரெட் பையிங்டனின் ஆய்வுநூல் அவ்வூர்க் குடும்பங்களின் வரவு செலவையும் வாழ்வையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது. உலை முன் அரைநாள் நின்றவன் குன்றேறி நூல் எடுப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அந்நூலைப் படிப்போர் தாமே விடை காண்பர். எஃகுத் தொழிலில் 12 மணி நேர முறை ஒழியத் தொடங்கியது 1923இல்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்னரே கார்னெகி இறந்துவிட்டார்.

இவற்றால் நூலகப் பணியைப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. 1901இல் தம் நிறுவனத்தை 480 மில்லியன் டாலருக்கு விற்றபின் அவர் அளித்த கொடையால் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,680 பொது நூலகக் கட்டடங்கள் எழுந்தன. ஊரார் நிலம் தர வேண்டும். கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் கூர்மையானவை. நூலகம் ஒருவர் தரும் பிச்சையாக இல்லாமல் ஊரின் பொறுப்பாக நிலைபெற்றது இவற்றால்தான். விண்ணப்பங்களையெல்லாம் ஆய்ந்து விடை எழுதியவர் செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம். சொற்சிக்கனமும் பொருட்சிக்கனமும் மிக்க அவர், கட்டட அமைப்புக் குறிப்புகளை 1911இல் வெளியிட்டபொழுது, 'பில்டிங்' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்காத எழுத்தையும் விட்டுவிட்டே அச்சிட்டார். ஆங்கில எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் கார்னெகி பொருள் வழங்கியவர். நம் எழுத்துச் சீர்திருத்தப் பூசல்களைக் கண்டவர்க்கு இச்செய்தி புன்னகை வருவிக்கும்.

எல்லா ஊர்களும் இக்கொடையை ஏற்றுவிடவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தொழிற்சங்கங்கள் ஹோம்ஸ்டெட்டில் சிந்திய குருதியை நினைவூட்டிப் பரப்புரை செய்தன. 1904 வாக்கெடுப்பில் கார்னெகி நூலகத் திட்டம் தோற்றது.

கறுப்பின மக்களின் நிலைதான் இவ்வரலாற்றில் மிகக் கடுமையானது. 1902இல் தென்மாநிலமான ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரில் கார்னெகி நூலகம் திறக்கப்பட்டது. வெள்ளையர்க்கு மட்டுமே நுழைவு. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அப்பொழுது பேராசிரியராக இருந்த டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், தம் இனத்தார் சிலருடன் அறங்காவலர்களைச் சந்தித்து முறையிட்டார். கறுப்பின மக்களின் வரியும் சேர்ந்து நடக்கும் நூலகத்தில் அவர்களுக்கு ஏன் இடமில்லை என்பது அவர் வினா. இரு இனத்தாரும் சேர்ந்து பயன்படுத்தினால் நூலகமே பயனற்றுப் போகும் என்று விடை வந்தது. தனிக்கிளை அமைக்க முயல்வதாக வாக்களித்தனர். அக்கிளை திறக்க 1921 ஆயிற்று. டு போய்ஸ் அதற்குள் அந்நகரை விட்டே சென்றுவிட்டிருந்தார்.

தனிக்கிளை என்பதே தாழ்வுதான். ஆயினும் அத்தாழ்வுக்குள்ளும் சிலர் அரிய பணி ஆற்றினர். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கறுப்பின மக்களுக்கென ஒரு கிளை 1905இல் வாடகை அறைகளில் தொடங்கி, 1908இல் கார்னெகி கொடையால் சொந்தக் கட்டடம் பெற்றது. அடிமைப்பட்டிருந்த பெற்றோர்க்குப் பிறந்த தாமஸ் ஃபவுன்டன் புளூ என்னும் சமயப்பணியாளர் அதன் தலைவரானார். பணியாளர் அனைவரும் கறுப்பினத்தவரே. அவர் அங்கேயே நூலகப் பயிற்சி வகுப்பும் நடத்தினார். கறுப்பினத்தவர்க்கு நூலகக் கல்வி வேறெங்கும் கிட்டுதற்கரிய அக்காலத்தில் தென்மாநில நகரங்கள் பலவற்றிலிருந்தும் மாணவர் அங்குச் சென்று பயின்றனர். கவிஞர் ஜோசப் சீமன் காட்டர் அங்குச் சிறுவர்க்குக் கதை சொல்லும் போட்டிகள் நடத்தினார். அலபாமாவின் டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டன் 20,000 டாலர் கேட்டுப் பெற்ற நூலகக் கட்டடத்தையோ மாணவர்களே உழைத்து எழுப்பினர்.

கார்னெகி நினைத்திருந்தால், எல்லார்க்கும் திறந்த ஊர்களுக்கே கொடை என்று மூன்றாவது நிபந்தனை ஒன்றைச் சேர்த்திருக்கலாம். நிலத்துக்கும் வரிக்கும் அவ்வளவு கண்டிப்புக் காட்டியவர், இதனை உள்ளூர் வழக்கத்துக்கு விட்டுவிட்டார். தலைநகர் வாஷிங்டனில் 1903இல் திறந்த கார்னெகி நூலகம் தொடக்கமுதலே எவ்வினத்தாரையும் அனுமதித்தது. ஆகவே அது காலத்தால் இயலாத ஒன்று என்றும் கூற இயலாது.

தமக்குக் கதவு திறந்த ஆண்டர்சனை மட்டும் அவர் மறக்கவில்லை. 1904இல் அலெகெனி நூலகத்தின் முன் அவர் எழுப்பிய நினைவுச்சின்னத்தை வடித்தவர், பின்னாளில் லிங்கன் நினைவகத்தின் பெருஞ்சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். அதில் ஒரு கொல்லன் பட்டடைக்கல்லின்மேல் அமர்ந்து நூல் படித்துக்கொண்டிருக்கிறான்.

அட்லாண்டாவின் தலைமை நூலகம் 1959 மே மாதம் கறுப்பின வாசகர்க்குத் திறந்தது. உறுப்பினர் அட்டையை முதலிற் பெற்றவர் ஸ்பெல்மன் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்த பேராசிரியர் ஐரீன் டாப்ஸ் ஜாக்சன். டு போய்ஸுக்கு அப்பொழுது 91 வயது.