கேள்வியும் கிழமையும்: லாஸ் ஏஞ்சலிஸ் வாக்குச்சீட்டில் ஒரு நூற்றாண்டு

1896ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தபோது, க்ரிஃபித் ஜெ. க்ரிஃபித் என்னும் செல்வந்தர் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மக்களுக்கு 3,015 ஏக்கர் நிலத்தைப் பரிசாக அளித்தார். வேல்ஸில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில்கூட நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அத்தனை சிறிய ஊருக்கு அத்தனை பெரிய பூங்கா. இதற்காக எவரும் வாக்களிக்கவில்லை, எவரும் வரி கட்டவில்லை.

பரிசுகளில் ஒரு சிக்கல் உண்டு. கொடுத்தவரின் நிழலும் உடன் வந்துவிடும். 1903இல் க்ரிஃபித் தன் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டார். அவர் ஒரு கண்ணை இழந்து உயிர் பிழைத்தார். க்ரிஃபித் சிறை சென்று திரும்பினார். 1912இல் அதே பூங்காவில் வானாய்வகம் ஒன்றைக் கட்டப் பணம் தர அவர் முன்வந்தபோது, அந்தக் கையிலிருந்து பணம் வாங்கலாமா என்று எதிர்ப்புக் கிளம்பிக் காரியம் நின்றுபோனது. 1919இல் அவர் இறந்தார். உயிலில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த வானாய்வகம் 1935இல் திறக்கப்பட்டது. இன்று அந்நகரத்தின் அடையாளமாகத் திரைப்படங்களில் நாம் காணும் வெள்ளைக் கட்டடம் அதுதான்.

கொடையாளியை நம்பி ஒரு நகரம் பூங்கா வளர்க்க முடியாது என்றால், மக்கள் தம் பணத்தில் வளர்க்க வேண்டும். அதற்கு மக்களைக் கேட்க வேண்டும். கேட்பதென்று முடிவான உடனே இன்னொரு கேள்வி எழுகிறது: எந்த நாளில் கேட்பது? இவ்விரண்டு கேள்விகளும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னிப் பிணைந்து வந்த கதை, ஜனநாயகம் பற்றி யோசிப்பவர்களுக்குச் சுவையானது, சற்றுச் சங்கடமானதும்கூட.

*

நமக்குப் பழகிய வாக்குச்சீட்டில் இருப்பவை பெயர்களும் சின்னங்களும். கலிஃபோர்னியாவின் வாக்குச்சீட்டில் அவற்றோடு கேள்விகளும் இருக்கும். பூங்காக்களுக்காக இந்த வரியை விதிக்கலாமா, நகர சாசனத்தின் இந்தப் பிரிவைத் திருத்தலாமா, ஆம் அல்லது இல்லை. இந்த வழக்கத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ் முன்னோடி நகரங்களுள் ஒன்று. ஜான் ரண்டால்ஃப் ஹேன்ஸ் என்ற மருத்துவரின் இடைவிடாத பிரச்சாரத்தால், சட்டத்தை மக்களே முன்மொழியும் உரிமை, மன்றம் இயற்றிய சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்கும் உரிமை, தேர்ந்தெடுத்தவரை இடையிலேயே திரும்ப அழைக்கும் உரிமை ஆகிய மூன்றும் 1903இல் நகர சாசனத்தில் இடம்பெற்றன. மாநிலம் இவற்றை ஏற்றது 1911இல்தான்.

இந்த உரிமைகளைப் பெற்றுத் தந்தவர்கள் தங்களை முற்போக்காளர்கள் என்று அழைத்துக்கொண்டவர்கள். கட்சி எந்திரங்களின் பிடியிலிருந்து நகர நிர்வாகத்தை விடுவிப்பது அவர்கள் கனவு. அதற்கு அமெரிக்கா முழுவதும் அவர்கள் பரிந்துரைத்த மருந்துகளில் ஒன்று, நகரத் தேர்தலை அதிபர் தேர்தலிலிருந்தும் மாநிலத் தேர்தலிலிருந்தும் பிரித்துத் தனி நாளில் நடத்துவது. நியூயார்க் மாநிலம் 1894ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே நகரத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாற்றியது. குப்பை அள்ளுவதற்கும் குடிநீருக்கும் எந்தக் கட்சி, என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தனி நாளில் நடக்கும் தேர்தலுக்கு யார் வருவார்கள்? நேரமும் வசதியும் உள்ளவர்கள், அத்தேர்தலால் நேரடியாக லாப நஷ்டம் அடைபவர்கள், அமைப்பாகத் திரண்டவர்கள். அரசியல் அறிஞர் சாரா அன்சியா இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்து காட்டியதும் இதைத்தான்: வாக்குப்பதிவு குறையும்போது, திரண்டு நிற்கும் சிறு குழுக்களின் எடை கூடிவிடுகிறது.

கேள்வி கேட்கும் உரிமையை மக்களுக்குத் தந்த அதே கைகள், கேட்கும் நாளைப் பெரும்பாலானவர்கள் மறந்துபோகும் மூலைக்குத் தள்ளின. இதைச் சதி என்று சொல்லிவிட முடியாது. நல்ல எண்ணத்தில் செய்ததன் பக்க விளைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடவும் முடியாது.

*

நாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்நகரம் 1911இல் கண்கூடாகக் கண்டது. அக்டோபர் 31 அன்று நடந்த மேயர் முதற்கட்டத் தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் ஜாப் ஹாரிமன் முன்னிலை பெற்றார். இறுதித் தேர்தல் டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை. இடையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1910 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு இருபது பேருக்குக் குறையாமல் பலிகொண்டிருந்தது. தொழிற்சங்கத்தைச் சேர்ந்த மெக்னமாரா சகோதரர்கள் மீது குற்றச்சாட்டு. அவர்கள் நிரபராதிகள் என்று தொழிலாளர் இயக்கம் முழுதாக நம்பியது. ஹாரிமன் அவர்களின் வழக்கறிஞர்களில் ஒருவர். டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை, தேர்தலுக்கு நான்கே நாட்கள் இருக்கையில், சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஹாரிமன் ஏறத்தாழ 34,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நகரத்துப் பெண்கள் முதன்முறையாக மேயருக்கு வாக்களித்த தேர்தலும் அதுவே. மாநிலத்தில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்து எட்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன.

தேர்தல் ஒரு மாதம் முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் பொருளில்லை. முடிவு வாக்காளர் மனத்தில் மட்டுமல்ல, நாட்காட்டியிலும் இருக்கிறது என்பதே பாடம்.

அடுத்த மேயர் தேர்தல் 1913 ஜூனில் நடந்தது. அன்றிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு, நாடு முழுதும் வாக்களிக்கும் நவம்பரிலிருந்து விலகி, ஒற்றைப்படை ஆண்டுகளின் முற்பாதியிலேயே அந்நகரம் தன் மேயர்களைத் தேர்ந்தெடுத்து வந்தது.

*

பூங்காவின் கதைக்குத் திரும்புவோம். 1927இல் நகரத்தின் வணிகர் சபை ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தது. அக்குழுவுக்காக ஓம்ஸ்டெட் சகோதரர்கள் நிறுவனமும் ஹார்லண்ட் பார்த்தலோமியூ நிறுவனமும் சேர்ந்து தயாரித்த பூங்காத் திட்டம் 1930இல் வெளியானது. ஆற்றங்கரைகள், கடற்கரைகள், மலைச் சரிவுகள், அவற்றை இணைக்கும் பசுஞ்சாலைகள் என்று ஒரு பெருங்கனவு. செலவு 20 கோடி டாலருக்கும் மேல், பல பத்தாண்டுகளில் பரவியது. நிறைவேற்ற, வரி விதிக்கும் அதிகாரம் கொண்ட தனிப் பூங்கா அமைப்பொன்று வேண்டும் என்றது அறிக்கை. அத்தனை அதிகாரமா என்று, கேட்டவர்களே பின்வாங்கினர். மிகச் சில பிரதிகளே அச்சிடப்பட்டு அறிக்கை அலமாரிக்குச் சென்றது. அந்தத் திட்டம் மக்களிடம் தோற்கவில்லை. மக்களிடம் கேட்கப்படவே இல்லை. எந்த ஆற்றின் கரைகளில் பூங்கா அமைக்கலாம் என்றார்களோ, அந்த ஆற்றின் பெரும்பகுதிக்கு 1938 வெள்ளத்துக்குப் பின் கான்கிரீட் பூசப்பட்டது.

பிறகு 1978 ஜூனில் ‘ப்ரொபசிஷன் 13’ வந்தது. சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட அந்த மாநில வாக்கெடுப்பு, குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றும் விதித்தது. அதாவது ஓர் ‘இல்லை’க்கு இரண்டு ‘ஆம்’கள் ஈடு. 1992இலும் 1996இலும் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மக்கள், வேறொரு வகைச் சொத்துக் கட்டணத்தின் வழியாகப் பூங்காக்களுக்கு முறையே 54 கோடியும் 31.9 கோடியும் டாலர் அளிக்க இசைந்தனர். 1996 நவம்பரில் வந்த ‘ப்ரொபசிஷன் 218’ அந்த வழியையும் குறுக்கியது.

*

1992இன் கட்டணம் 2015இல் முடிவடைய இருந்தது. எனவே 2014 நவம்பர் 4 அன்று ‘மெஷர் பி’ என்ற கேள்வி மாவட்ட மக்கள் முன் வைக்கப்பட்டது: ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 23 டாலர், 30 ஆண்டுகளுக்கு. பத்தில் ஆறு பேருக்கு மேல் ‘ஆம்’ என்றனர். மூன்றில் இரண்டை எட்டாததால் தோற்றது. அன்று மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் பதிவு பெற்றவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேர்.

அதே காலத்தில் நகரத்தில் இன்னொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. 2013 மே மாத மேயர் இறுதித் தேர்தலில் வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வாக்களிப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் ரொக்கப் பரிசு தரலாமா என்று ஆராயும்படி நகரத்தின் நெறிமுறை ஆணையமே 2014இல் பரிந்துரைத்தது. இதைவிட எளிய மருந்து இருக்கிறதே, தேர்தலை எல்லோரும் வாக்களிக்கும் நாளுக்கே மாற்றிவிடலாமே என்ற யோசனை, 2015 மார்ச் 3 அன்று இரண்டு சாசனத் திருத்தங்களாக வாக்குச்சீட்டில் ஏறியது. ஒன்று நகரப் பதவிகளுக்கு, மற்றது பள்ளி வாரியத்துக்கு.

எதிர்த்தவர்களின் வாதங்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதிபர் தேர்தலின் இரைச்சலில் தெருவிளக்கையும் பூங்காவையும் யார் பேசுவார்கள்? நீண்ட வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்வரை யார் பொறுமையாக வருவார்கள்? விளம்பரச் செலவு கூடினால் எளிய வேட்பாளர் என்ன செய்வார்? இடைக்கால ஏற்பாடாகப் பதவியில் உள்ளவர்களுக்கு நான்கு ஆண்டுக்குப் பதில் ஐந்தரை ஆண்டு கிடைக்கிறதே, அது யாருக்கு லாபம்? ஆதரித்தவர்களிடம் ஒரே பதில்தான்: வராதவர்களுக்காக வந்தவர்கள் முடிவெடுக்கும் ஏற்பாடு இனியும் தொடரலாமா?

திருத்தங்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு நிறைவேறின. இதில் ஒரு நகைமுரண்: அன்று வாக்களித்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். எல்லோரையும் அழைப்போம் என்ற முடிவையும் வழக்கமாக வரும் அந்தச் சிலரே எடுத்தனர். தம் வாக்கின் எடையைத் தாமே குறைத்துக்கொண்டனர் என்பதால், இதை அவர்களின் பெருந்தன்மை என்றும் படிக்கலாம்.

*

பூங்காவுக்கான கேள்வி 2016இல் மீண்டும் வந்தது. இம்முறை மாவட்டத்தை 188 பகுதிகளாகப் பிரித்து, பூங்கா எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று முதலில் கணக்கெடுத்தனர். பகுதிவாரியாகக் குடியிருப்பாளர்களின் கூட்டங்களைக் கூட்டி, உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டனர். மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வீட்டிலிருந்து அரை மைலுக்குள் பூங்கா இல்லை என்பது தெரிந்தது. 4,000 ஏக்கருக்கும் மேல் பரந்துவிட்ட க்ரிஃபித் பூங்கா இருக்கும் மாவட்டத்தில்தான் இந்த நிலை. பேருந்து மாறிப் போக வேண்டிய குழந்தைக்கு அந்தப் பெரும் பூங்காவால் அன்றாடம் பயனில்லை.

வரியும் மாறியது. மனைக்கு இவ்வளவு என்பதற்குப் பதில், கட்டடத்தின் சதுர அடிக்கு ஒன்றரை சென்ட். 1,500 சதுர அடி வீட்டுக்கு 22 டாலர் 50 சென்ட். பழைய தொகைக்கு அருகில்தான். ஆனால் சிறு வீட்டுக்காரர் குறைவாகவும் பெரும் கிடங்குக்காரர் அதிகமாகவும் கட்டுவர். நவம்பர் 8, அதிபர் தேர்தல் நாள். மாநில அளவில் மட்டும் 17 கேள்விகள் வாக்குச்சீட்டில் இருந்தன. வாக்காளர் களைத்துவிடுவார் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. ‘மெஷர் ஏ’ ஏறத்தாழ 75 சதவீத ஆதரவோடு வென்றது. அன்று வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 70 சதவீதம்.

நாளை மாற்றியதால்தான் பூங்கா வென்றது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அது உண்மையாகாது. 2014ம் இரட்டைப்படை ஆண்டுதான், அதுவும் நவம்பர்தான். இரண்டு ஆண்டுகளில் மாறியவை மூன்று: கேட்ட விதம், கேட்ட தொகையின் நியாயம், கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க இயலாது. ஆனால் மூன்றும் ஒரே திசையில் மாறின என்பது கவனிக்கத்தக்கது. மூன்றுமே கேள்வியை இன்னும் அதிகமானவர்களின் கேள்வியாக ஆக்கின.

நகரத் தேர்தலின் கதையும் அப்படியே. புதிய நாட்காட்டியில் நடந்த முதல் மேயர் தேர்தல் 2022 நவம்பரில். கேரன் பாஸும் ரிக் கருசோவும் சேர்ந்து ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றனர். வென்ற பாஸ் ஒருவரே பெற்ற ஐந்து லட்சத்துச் சொச்சம் வாக்குகள், 2013 இறுதித் தேர்தலில் இரு வேட்பாளர்களும் சேர்ந்து பெற்றதைவிட அதிகம்.

பூங்கா ஒரு விசித்திரமான பொதுச்சொத்து. அதை அதிகம் பயன்படுத்தும் குழந்தைகளுக்கு வாக்கில்லை. இன்று நடும் மரத்தின் நிழலில் அமரப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை. சொந்தத் தோட்டம் உள்ளவருக்கு அது தேவைப்படுவது குறைவு. ஆனால் எல்லாத் தேர்தலுக்கும் தவறாமல் வருபவர் பெரும்பாலும் அவரே. ஆகவே பூங்காவுக்கான வாக்கு எப்போதுமே இன்னொருவருக்காக இடப்படும் வாக்கு. அந்த இன்னொருவரின் தந்தையோ தாயோ அன்று வாக்குச்சாவடிக்கு வர முடிகிறதா என்பதைத் தேர்தல் நாளும் ஓரளவு தீர்மானிக்கிறது. தேதி என்பது கேள்வியை எடுத்துவரும் வெறும் பாத்திரம் அல்ல. கேள்வியின் முதல் வரியே அதுதான்.